பெயர் சொல்லாத ஜெபம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். மூட்டுவலி இருக்கிறது, அதைச் சொல்லி யாரையும் ஜெபத்தில் முழங்கால் போட வைக்க விருப்பமில்லை. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மருந்தை வேளை தவறாமல் உறிஞ்சுகிறாயா? அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் நேரத்தில் சன்னலைச் சாத்தி வை. இதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது.

ஆறு வருடமாக நமக்குள் கடிதம்தான். தொலைபேசி என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவோம். அதனால் எழுத்தில் கேட்கிறேன். சிட்டு வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு வைத்திருந்தாள். "அப்பா, தேட வேண்டாம். நன்றாக இருப்பேன்." அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதுப் பெண்ணைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னால் சிரிப்பார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா?

உன்னிடம் கேட்பது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்கே தெரியும். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தாயில்லாத பிள்ளை. மனநல மருத்துவமனையில் நாற்பது நாள் இருந்தாள். இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். நீ போதகரான உன் வீட்டுக்காரரிடம் சொன்னாய். அவர் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, அதைச் சபையார் எல்லாரும் ஜெபிக்க வேண்டிய ஜெபக்குறிப்பாக்கினார். "எங்கள் நெருங்கிய குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை" என்றாராம், பெயர் சொல்லவில்லையாம். உனக்கு எத்தனை அண்ணன்? ஒருவன். எனக்கு எத்தனை மகள்? ஒருத்தி. ஒரு வருடம் கழித்து, நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் வந்து, "பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்துச்சாமே" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பையனின் பெரியப்பா உன் வீட்டுக்காரரின் அந்தச் சபையில்தான் இருந்தார். இதற்கு மேல் கணக்குப் போடத் தேவையில்லை.

உன் போன கடிதத்தில் "கிருபையால்" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. எண்ணினேன். தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக எண்ணுவதுதானே என் பிழைப்பு. கிருபையால் பேருந்தில் இடம் கிடைத்தது, கிருபையால் மழைக்கு முன்னே துணி காய்ந்தது. கடவுளுக்கு இவ்வளவு எடுபிடி வேலை வைக்காதே. எனக்குக் கீழே வேலை பழகியவன் சென்ற மாதம் எனக்கு மேலதிகாரி ஆனான். கை கொடுக்கப் போனேன். "எல்லாம் கடவுள் கிருபை சார்" என்றான். அப்படியானால் எனக்குக் கிடைக்காமல் போனது யாருடைய ஏற்பாடு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

சிட்டுவைப் பற்றி ஒரு வரி எழுது.

அண்ணன்


ஜனவரி 27

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

தேவனுடைய கிருபையால் நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூட்டுவலி குறைய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். என் மூச்சு பரவாயில்லை. காலையில் கொஞ்சம் இழுக்கும், பத்து மணிக்கு மேல் அடங்கிவிடும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாம்பல். துவைத்த துணியை இரண்டு தடவை உதறுகிறேன். சபையில் அறுபது பேர்தான், எல்லாரும் மின் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள். நல்ல மனிதர்கள். பிரசங்கம் நடக்கும்போது எல்லாரும் சேர்ந்து இருமுவோம்; எந்த இடத்தில் பிரசங்கம் நீள்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

சிட்டு நலமாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது அண்ணா. ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் எங்கள் வாசலில் நின்று என்னிடம் சொன்னீர்கள், "என் வீட்டு விஷயம் இனிமே உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது" என்று. நான் தலையாட்டினேன். உங்கள் வீட்டு விஷயம் என்பதில் உங்கள் மகளும் சேர்த்திதானே. அவளும் என்னிடம் அதையே கேட்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன் தங்கை


பிப்ரவரி 4

தங்கைக்கு,

நான் நலம் என்று எழுதப் பொறுமையில்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதுகிறாய். ஒருத்தி தூங்குவது அடுத்த அறையில் இருப்பவளுக்குத்தான் தெரியும். அவள் உன் வீட்டில் இருக்கிறாள்.

உலகத்தில் எத்தனை வீடு இருக்கிறது. எந்த வீட்டில் அவள் வாழ்க்கை குலைந்ததோ, அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் என் கையால் வளர்த்தவள். பேச வேண்டிய காலத்தில் பேசிவிட்டு, பேசாமல் இருப்பதற்கு இப்போதுதான் நீ பழகியிருக்கிறாய்.

அவளை அந்தச் சாம்பலில் ஏன் வைத்திருக்கிறாய்? அவளுக்கும் நெஞ்சில் சளி கட்டும் உடம்பு. அது இருக்கட்டும், காலையில் இழுக்கிறது என்று எழுதியிருந்தாயே, எத்தனை நேரம் இழுக்கிறது? மருத்துவர் நெஞ்சுப் படம் எடுத்தாரா? அந்த இடத்துக்கு மாற்றல் வந்து ஐந்து வருடம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் திருச்சபைத் தலைமை அலுவலகத்தில் வேறு சபை கேட்டால் என்ன? அவர் கேட்டாரா, அவர்கள் மறுத்தார்களா? ஏன் அங்கே போட்டோம் என்று ஏதாவது காரணம் சொன்னார்களா? தெரிந்தால் எழுது.

சிட்டுவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அண்ணன்


மார்ச் 20

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

கிருபையால் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதலாம் என்று சிட்டு சொல்வதற்காகக் காத்திருந்தேன். நேற்றுச் சொன்னாள்.

ஆம், இங்கேதான் இருக்கிறாள். ஒரு பையோடு வந்தாள். "அத்தை, அப்பாகிட்ட சொல்லாம என்னை வச்சுக்க முடியுமா" என்றாள். முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு எங்கே போயிருப்பாள் என்று தெரியாது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண் பரிசோதிக்க வரும் கிழவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பிடித்துவிடுவாளாம்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஜெபக்குறிப்புகளை வாய்விட்டு வாசிப்பதில்லை. எழுதுகிறவர்கள் சீட்டை மடித்து ஒரு பெட்டியில் போடுவார்கள். அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். சபையாருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. யாருக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார்கள். கடவுளுக்குத் தெரிந்தால் போதாதா என்றார் அவர்.

போன புதன்கிழமை சிட்டு பெட்டியில் போடாமல் தன் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தானே வாசித்தாள். "எங்கப்பாவுக்காக. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் நாற்பது நாள் மனநல ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்குச் சரியாயிடுச்சு. அவருக்கு இன்னும் சரியாகல." இவ்வளவுதான் சொன்னாள். கூட்டத்தில் யாரும் இருமவில்லை. முடிந்ததும் கொதிகலனில் வேலை செய்கிற ஒருவர் வந்து, தன் தம்பியும் அப்படித்தான் இருந்தான் என்று அவளிடம் சொன்னார்.

மாற்றல் பற்றிக் கேட்டீர்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை.

தங்கை


மார்ச் 28

தங்கைக்கு,

ஒரு முறை சந்தியில் நிறுத்தியது போதாதென்று இப்போது அவளையே சொல்ல வைத்துவிட்டீர்கள். கொதிகலன்காரருக்குத் தெரியும், அவர் தம்பிக்குத் தெரியும், இனி தெரியாதவர் யார்? நான் இந்த ஏழு வருடமாக அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வேலைக்காரம்மாகூட அவள் அப்போது பயிற்சிக்குப் போயிருந்தாள் என்றே நம்புகிறாள். இதற்கா நான் அத்தனை பாடு பட்டேன்?

பெட்டியின் மேல் கை வைத்தால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. உன் வீட்டுக்காரர் எனக்கு எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் மூன்றையும் வைத்திருக்கிறேன். தனியாகக் கேட்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஊரறியச் செய்த தவறுக்கு உள்ளறையில் வருத்தப்படுவது அவர்களுக்கு வசதியான ஏற்பாடு. எழுந்து நின்று, சபைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒரு குடும்பத்தின் ரகசியத்தை வெளியிட்டு ஒரு பெண்ணின் திருமணத்தைக் குலைத்தேன் என்று அவர் சொல்லட்டும். சொன்ன பிறகு நான் வருகிறேன். வந்து என் மகளைப் பார்க்கிறேன். அதுவரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

அவளைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதை அவளிடம் சொல். நிபந்தனையையும் சொல்.

பெரிதாக ஒன்றுமில்லை என்றால் சிறிதாக என்ன இருக்கிறது? படத்தில் என்ன எழுதியிருந்தது?

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் தங்கைக்கு எழுதியதை வாசித்தேன்.

நேற்று முன்தினம் ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்குப் பதிலாக, நீங்கள் எழுதிய வார்த்தைகளையே சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. சிட்டு இருக்கும் இடத்தில் சொல்கிறேன் என்பதால் முதல் நாள் அவளிடம் கேட்டேன். "வேணாம் மாமா" என்றாள். அவள் பேச்சை மீறித்தான் செய்தேன். அவள் உங்களைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

என்னுடையதல்லாத ஒன்றை நான் அன்று ஜெபத்தில் எடுத்துப் பேசினேன். அழுதுகொண்டே பேசினேன், அதனால் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இந்த ஆபத்து உண்டு. அந்தத் தவறு என்னுடையது. அதில் மறுப்பில்லை.

எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கையின் கணவன்


ஏப்ரல் 19

அப்பாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் காலையில் மாத்திரை போடுகிறீர்களா?

இதை ஆறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னது மாமா இல்லை. நான்.

நிச்சயம் முடிந்த மறு வாரம், அவரை அலுவலகத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துக்கொண்டு ஒருவரோடு வாழ முடியாது என்று தோன்றியது. அவர் காப்பியை முழுவதும் குடித்தார். "சொன்னதுக்கு நன்றி" என்றார். நான்கு நாள் கழித்து அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவருடைய பெரியப்பாவைச் சொல்வீர்கள். அவருக்கு இரண்டு காதும் கேட்காது அப்பா. ஜெபக்கூட்டத்துக்கு அவர் போனதே இல்லை.

அவர்கள் போனதும் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த ஜெபக்காரன் வேலை" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. அன்று மாலை அத்தையிடம் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னேன். மாமா தொலைபேசியை வாங்கி, "நீ இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். முதல்ல உடம்பு தேறட்டும். என் மேலயே இருக்கட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். தேறிய பிறகும் விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு.

பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது நீங்கள் அதே பேச்சை எடுப்பீர்கள். "எனக்குச் சரியாயிடுச்சுப்பா" என்று ஒரு நாள் சொன்னேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சாப்பிடு" என்றீர்கள். நான் நோயாளியாகவே இருந்தால்தான் உங்கள் கோபத்துக்கு இடம் இருக்கும் போலிருந்தது. அதனால்தான் வந்துவிட்டேன்.

போன ஞாயிறு மாமா எழுந்து நின்று, நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொன்னார். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு ஞாயிறு என்னால் அப்படி உட்கார முடியாது.

நீங்கள் வந்தால் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் போதும். வாருங்கள் அப்பா.

சிட்டு


ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

நான் உடம்பால் நலம். பத்து வாரமாக எழுதவில்லை.

சிட்டுவின் கடிதம் வந்த மறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். பாதி வழியில், மூன்றாவது நிலையத்தில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பிவிட்டேன். உன் வீட்டுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறாள். நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தால் தொண்டையில் ஒன்றும் இறங்காது.

திருமணம் நின்ற நான்காம் மாதம், உங்கள் திருச்சபைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. நான் எழுதியது. ஆய்வுக்கூடத்துக் கணினியில் தட்டச்சு செய்து, என் பேட்டையில் போடாமல் வேறு பேட்டைத் தபால் நிலையத்தில் போய்ப் போட்டேன். உங்கள் போதகர் பல குடும்பங்களின் ரகசியங்களைச் சபையில் வெளியிடுகிறார், பல பெண்களின் வாழ்க்கை கெட்டுவிட்டது, சபையார் பயந்துபோய் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று எழுதினேன். "பல" என்பது பொய். சபையார் பயந்தார்கள் என்பதும் பொய். ஒரு குடும்பம், ஒரு பெண் என்று எழுதினால் நான்தான் என்று தெரிந்துவிடும், எடுபடவும் எடுபடாது என்று யோசித்து எழுதினேன். வரி வரியாகத் திருத்தினேன். நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டதும் நினைவிருக்கிறது.

ஏழு மாதத்தில் உங்களுக்கு மாற்றல் வந்தது. அறுபது பேர் சபை, அனல்மின் நிலையத்துப் பின்பக்கத்து வீடு. நீ முதல் முறை மூச்சிரைப்பு என்று எழுதியபோது என் கடிதம் என்ன செய்திருக்கிறது என்று புரிந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் நான் உன் மூச்சைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டது பாசத்தால் மட்டும் இல்லை.

உன் வீட்டுக்காரர் செய்த ஜெபத்தில் பெயர் இல்லை, என் கடிதத்திலும் பெயர் இல்லை. அவர் சொன்னது உண்மை. நான் எழுதியது பொய். அவர் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார், தான் செய்யாததையும் சேர்த்து. நான் ஐந்து வருடம் சன்னலைச் சாத்தி வை என்று உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைமை அலுவலகத்துக்கு நேற்று எழுதிவிட்டேன், என் பெயரையும் முகவரியையும் போட்டு.

கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்று உன் வீட்டுக்காரர் பிரசங்கம் செய்வார். எனக்கு அது வேண்டாம். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. கோபப்பட்டு எழுது. அது எனக்குப் பழக்கம்.

இதை அவரிடமும் சிட்டுவிடமும் காட்டு. அதன் பிறகு நான் வரலாமா என்று சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. வராதே என்று எழுதினாலும் போதும். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தைரியம் இப்போது இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

சிட்டு என்ன சொன்னாள்?

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதை வாசித்த அன்று இழுப்பு அதிகமாகி மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தேன். இப்போது தேவலை.

அவர் சன்னலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "பாவம், அஞ்சு வருஷம் இதை வச்சுக்கிட்டு எப்படி இருந்தாரோ" என்றார். மடிக்கும் நேரத்துக்குள் மன்னித்துவிட்டார். எனக்கு வந்த கோபம் உங்கள் மேலா அவர் மேலா என்று தெரியவில்லை. "நீங்க மன்னிச்சுட்டீங்க, சரி. இருமுறது யாரு?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு கிருபையைப் பற்றிப் பிரசங்கிக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். மேடையில் ஏறி என் முகத்தைப் பார்த்தார். குறிப்பை மூடிவிட்டு, "இன்னைக்கு ரெண்டு பாட்டு கூடப் பாடுவோம்" என்றார். எதற்கென்று தெரியாமல் சபையார் பாடினார்கள்.

நான் முயற்சி செய்தேன் அண்ணா. தினமும் ஜெபத்தில் உட்கார்ந்து "மன்னிக்கிறேன்" என்று சொல்லப் போவேன், இருமல் வந்துவிடும். சொல்லி முடித்த நாட்களிலும் எழுந்திருக்கும்போது மனசு முன்னைப் போலவே இருக்கும். பொய்யாக எழுதி அனுப்பக் கூடாது என்றுதான் இரண்டு மாதம் எழுதவில்லை. நான் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

சிட்டு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "நீங்க மன்னிக்கிற வரைக்கும் அப்பா வர வேணாம் அத்தை. நான் காத்திருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. என் மனசு ஆறுவதற்கு ஒரு வருடம் ஆகலாம், இரண்டு ஆகலாம், ஆறாமலே போகலாம். அதுவரை அவள் தன் அப்பாவைப் பார்க்கக் கூடாதா? என் கோபத்துக்காக அவளைக் காக்க வைத்து, நீங்கள் அவளுக்குச் செய்ததையே நானும் செய்கிறேன் என்று பட்டது.

அதனால் வாருங்கள். நான் மன்னித்த பிறகு வர வேண்டாம், இப்போதே வாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வந்து பேருந்து மாறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். அவர் வந்து நிற்பார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார், பேசவிடுங்கள். நிலையம் எதிலும் இறங்கித் திரும்ப வேண்டாம்.

கதவை நான்தான் திறப்பேன். "வாங்க" என்று சொல்வேன். அதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வாசலில் நின்றுகொண்டு என்னிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். நேராக உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சமைத்திருப்பேன்.

தங்கை